செவலை காட்டிய மரம்

போன பிப்ரவரியில் ஓர் இரவு, ஓடைக்கரையில் நின்றுகொண்டு நான் ஒரு பொத்தானை அழுத்தினேன். அரை நொடி இருக்கும். மரத்தில் முன்னங்கால்களை ஊன்றிக் குரைத்துக்கொண்டிருந்த பத்து மாதக் குட்டி வீறிட்டுக் கீழே விழுந்து, எழுந்து, என் கால்களுக்குப் பின்னால் வந்து ஒண்டிக்கொண்டது. செய்தது சரி என்றுதான் அப்போது நினைத்தேன். பொய் சொன்ன நாயைத் திருத்திவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு வீட்டில் இதைப் பற்றி வருத்தப்பட்டபோது, ‘நாய்தானே, மறந்திருக்கும்’ என்றாள் என் மனைவி. அது மறக்கவில்லை. எனக்கும் மறக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது கிழக்கு டென்னசியில், நாக்ஸ்வில் நகரத்திலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில். மலைச்சரிவு, ஓடை, மாட்டுக்கு வைக்கோலாக்கும் புல்வெளி, அங்கங்கே மக்காச்சோளம். வேலைக்காக இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் மலையிலிருந்து ஒரு சத்தம் வரும். குரைப்பு என்று சொல்ல முடியாது. ஒப்பாரி மாதிரி நீளமாக இழுத்து, உடைந்து, மறுபடி இழுக்கும். மகள் பயந்துபோய் எங்கள் கட்டிலுக்கு வந்துவிடுவாள். அடுத்த வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். அடுத்த வீடு என்றால் கால் மைல். ‘அது என் நாய். ரக்கூன் தடத்தில் போகிறாள். என்ன சொல்கிறாள் என்று கேட்க ஆசையா?’ என்றார்.

அன்றைக்கு ராத்திரியே கூட்டிக்கொண்டு போனார். பிக்கப் வண்டியின் பின்கதவைத் தாழ்த்தி அதில் உட்கார்ந்தோம். விளக்கை அணைத்துவிட்டார். எதுவும் தெரியாத இருட்டு. ‘தடம் பழசு. அதனால்தான் விட்டுவிட்டுக் கூப்பிடுகிறாள்’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘ஓடைக்குள் இறங்கிவிட்டது ரக்கூன். மோப்பம் அறுந்துபோய்விட்டது. அக்கரையில் தேடுகிறாள், பொறு’ என்றார். சத்தம் நின்று, வேறொரு பக்கத்திலிருந்து வேகமாகத் தொடங்கியது. திடீரென்று ஒரே ஒரு நீண்ட கூவல். அதற்கப்புறம் குரல் அப்படியே மாறிப்போனது. கோடரியால் விறகு வெட்டுவது மாதிரி, சம இடைவெளியில், குட்டையான குரைப்பு. ‘மரத்தில் ஏற்றிவிட்டாள்’ என்று பெரியவர் எழுந்தார். ஒன்றையும் பார்க்காமல், காதாலேயே ஒரு முழு வேட்டையை நான் அன்றைக்குத்தான் முதலில் அறிந்தேன்.

ரக்கூன் நம் பக்கம் இல்லாத பிராணி. நாம் வீட்டில் பார்க்கும் பூனையைவிடப் பெரியது, கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி, வாலில் வளையம் வளையமாகப் பட்டை. வர்ஜீனியாப் பக்கத்துப் பழங்குடிகளான பவ்ஹாட்டன் மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர் அது. கையால் சுரண்டுவது என்பதை ஒட்டிய பொருள் சொல்வார்கள். முன்னங்கைகளில் அவ்வளவு தொடுவுணர்ச்சி. தண்ணீருக்கடியில் கல்லைப் புரட்டி நண்டு எடுக்கும்போது அது கையைப் பார்க்கவே பார்க்காது. குதிரையில் ஏறி நரியை விரட்டியது பண்ணை முதலாளிகளின் வேட்டை. பகலெல்லாம் பிறர் நிலத்தில் உழைத்தவர்களுக்கு மிஞ்சியது இரவுதான். அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களும் மலையடிவார ஏழைக் குடியானவர்களும் கறிக்காகவும் தோலுக்காகவும் ஒரு நாயும் ஒரு விளக்குமாகப் போன வேட்டை இது. இன்றைக்குத் தோலுக்குப் பெரிய விலை கிடையாது. பெரியவர் போன்றவர்கள் பெரும்பாலான இரவுகளில் துப்பாக்கியே எடுத்துப் போவதில்லை. நாய் மரத்தைக் காட்டும், மேலே இரண்டு கண்கள் மின்னும், நாயைத் தட்டிக்கொடுத்துக் கயிற்றில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இந்த வேட்டைக்கென்று அமெரிக்காவில் வளர்த்தெடுத்த நாய்களைக் கூன்ஹவுண்ட் என்பார்கள். அவற்றில் பெயர்பெற்றவை ஆறு இனங்கள். நாக்ஸ்வில்லில் உள்ள டென்னசிப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியின் அடையாளமாக 1953 முதல் மைதானத்துக்கு வரும் ஸ்மோக்கி என்ற நாய், அவற்றில் ப்ளூடிக் என்ற இனம். பெரியவர் வைத்திருப்பது ரெட்போன். மேலெல்லாம் ஒரே செம்மண் நிறம், தொங்கும் காது. அவருடைய அண்ணன் மகன் வீட்டில் போட்ட குட்டிகளில் ஒன்றை, எட்டு வார வயதில், ஜூன் மாதம் எனக்குக் கொடுத்தார். பெட்டைக் குட்டி. நிறத்தைப் பார்த்ததும் என் வாயில் வந்த பெயர் செவலை. பெரியவருக்கு அது ‘செவ்லி’ ஆகிவிட்டது. அவர் என்னை ‘சன்’ என்று கூப்பிடுவார். எனக்கு அது தம்பி என்றுதான் காதில் விழும். நான் அவரை சார் என்பேன். அமெரிக்காவின் தெற்கில் அது யாருக்கும் உறுத்தாத சொல்.

தாத்தாவின் நாய்கள்

என் தாத்தா கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் கன்னி நாய்கள் வளர்த்தவர். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முந்தைய காலம். பருத்தி எடுத்து முடித்த வெட்டவெளியில் முயல் கிளம்பும், அவிழ்த்துவிட்ட நாய் அம்பு மாதிரி போகும். கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் வேட்டையாடும் இனங்கள். முயலைப் பார்க்கும், ஓடும், பிடிக்கும். ஓடும்போது சத்தம் போடாது. குரைத்துக்கொண்டே ஓடும் நாயைத் தாத்தா ‘வாய்க்காரன்’ என்பார், அடுத்த முறை கூட்டிப்போக மாட்டார். முக்கியமான விஷயம், நாய் பார்ப்பதையெல்லாம் தாத்தாவும் பார்த்தார். நாய் எங்கே திரும்பியது, எங்கே தவறவிட்டது என்பது வரப்பில் நின்றவருக்கு நாயைவிட நன்றாகவே தெரிந்தது. அதனால் அவர் திருத்தினால் அந்தத் திருத்தலில் ஒரு நியாயம் இருந்தது.

நாய் பழக்குவது என்றால் இதுதான் எனக்குத் தெரிந்தது. மனிதனுக்குத் தெரியும், நாய்க்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். செவலை வந்தபோது இந்த நினைப்போடுதான் தொடங்கினேன், அது ஒரு நினைப்பு என்றுகூட அறியாமல். இங்கே எல்லாமே தலைகீழ். இருட்டு. நாய் அரை மைல் தள்ளி இருக்கிறது. அது மூக்கால் அறிவதில் ஒரு துளியைக்கூட நான் அறிய வழியில்லை. வாய் திறக்காத நாய் இங்கே உதவாது. அது எங்கே போகிறது, என்ன கண்டது என்பதற்கு அதன் குரல் ஒன்றே சாட்சி. தடத்தில் ஒரு குரல், மரத்தில் ஒரு குரல். மோப்பமே இல்லாமல் உற்சாகத்தில் கத்தும் நாயைப் பிதற்றும் நாய் என்று ஒதுக்குவார்கள். ஆக நாயின் சொல்லை நம்பித்தான் மொத்த வேட்டையும் நடக்கிறது.

குட்டிப் பருவம் முழுக்கப் பெரியவர் சொன்னபடி நடந்தேன். முதலில் தடுப்பூசிகள், அதில் சமரசமே கூடாது என்றார். டிஸ்டெம்பர் நோயும் வெறிநோயும் ரக்கூன்களிடம் உண்டு. ரக்கூன் கடித்த சில நாட்களில் பின்னங்காலிலிருந்து தொடங்கி நாய் முடங்கிப்போகும் ஒரு பக்கவாதமும் உண்டு. அதற்கு கூன்ஹவுண்ட் பெயரையே வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில், காய்ந்த ரக்கூன் தோல் ஒன்றைக் கயிற்றில் கட்டிப் புல்லில் இழுத்துக்கொண்டு போய், மரக்கிளையில் தொங்கவிடுவோம். குட்டி மூக்கைத் தரையில் வைத்து வந்து, மரத்தடியில் அண்ணாந்து ஒரு தரம் குரைத்தால் போதும், கொண்டாடிவிட வேண்டும். தோலை முகத்துக்கு முன்னால் ஆட்டி விளையாட்டுக் காட்டவே கூடாது. அப்படிச் செய்தால் கண்ணை நம்பத் தொடங்கிவிடும், மூக்கு சோம்பிப்போகும். சாப்பிடும் நேரத்தில் தூரத்தில் ஒரு தகர டப்பாவைத் தட்டுவோம், வாரா வாரம் கொஞ்சம் பக்கத்தில். பின்னால் துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரளாமல் இருக்க. ஓடையை முதலில் என் கையில் இருந்தபடி தாண்டினாள், பிறகு நான் தாண்ட, அழுதுகொண்டே பின்னால் நீந்தி வந்தாள்.

ஆறு மாதத்தில் காட்டுக்குள். பழகிய நாயோடு சேர்த்து விட்டால் சீக்கிரம் கற்கும் என்பவர்கள் இங்கே பாதிப் பேர். பெரியவர் மறுபாதி. ‘கிழவி குரைத்தால் இவளும் குரைப்பாள். எதற்கென்று தெரியாமலே குரைப்பாள். தனியாக விடு, நேரமாகும், ஆனால் அவள் சொல்வது அவள் சொல்வதாக இருக்கும்’ என்றார். நவம்பரில் முதல் மரம். ஒரு குட்டி ரக்கூன், பத்தடி உயரத்தில், தெளிவாகத் தெரிந்தது. செவலை குரைத்ததில் குரலே கட்டிப்போய்விட்டது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளும் தூங்கவில்லை, கூண்டுக்குள் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

பொத்தான்

மான்தான் பிரச்சினையைத் தொடங்கியது. எங்கள் காட்டில் மான் நிறைய. குட்டி வயதில் மான் மோப்பம் எந்த நாயையும் இழுக்கும். ரக்கூனைத் தவிர வேறெதைத் துரத்தினாலும் அதைக் குப்பை என்பார்கள் இவர்கள். குப்பையில் ஓடும் நாய் நெடுஞ்சாலைவரை போய் அடிபடலாம். ஜனவரியில் இரண்டு முறை செவலை மான் பின்னால் போய்விட்டாள், ஒரு முறை காலையில்தான் கிடைத்தாள். ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை வாங்கினேன். நாய் இருக்கும் இடத்தைக் காட்டும், அதே கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கழுத்தில் மின் அதிர்வும் கொடுக்கும். பெரியவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ‘மானைத் துரத்துகிறாள் என்பதை உன் கண்ணால் பார்த்தால் மட்டும் அழுத்து. பார்க்காமல் அழுத்தாதே’ என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி இரவுக்கு வருகிறேன். பெரியவருக்கு முழங்கால் வலி, வரவில்லை. நான் தனியாகப் போனேன். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் இரண்டு மரங்களில் செவலை குரைத்து, நான் மேலே ஒன்றையும் பார்க்கவில்லை. ரக்கூன் இல்லாத வெறும் மரத்தில் குரைப்பது ஒரு நாய்க்குச் சொல்லப்படும் மோசமான குறை. இளம் வயதில் விட்டுவிட்டால் ஆயுள் முழுக்கத் திருந்தாது என்று எங்கெங்கோ படித்துப் பயந்துபோயிருந்தேன். தந்திரமான ரக்கூன் ஒரு மரத்தில் பாதி ஏறி, அப்படியே தாவி வேறு பக்கம் இறங்கிப் போய்விடும். அவசரக் குட்டி அந்த மரத்திலேயே நின்று கத்தும். நல்ல நாய் மரத்தைச் சுற்றி வட்டமடித்து, தடம் வெளியே போகவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வாயைத் திறக்கும். என் குட்டி அவசரக்காரி என்று நானே முடிவு செய்துவைத்திருந்தேன்.

ஓடைக்கரையில் ஒரு பெரிய சிக்கமோர் மரம். குளிர்காலம், ஓர் இலை இல்லை. மேல்பாதி பட்டை உரிந்து எலும்பு மாதிரி வெள்ளையாக இருக்கும் மரம் அது. நிலா வேறு இருந்தது. தலைவிளக்கை ஒவ்வொரு கிளையாக ஓட்டினேன். என் கரையிலிருந்து பார்க்க முடிந்த பக்கமெல்லாம் போய்ப் பார்த்தேன். ரக்கூன் விளக்கைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பதால், ரக்கூன் சண்டைச் சத்தம் எழுப்பும் ஊதலையும் ஊதினேன். கண் மின்னவில்லை. செவலையோ நிறுத்தவே இல்லை. அந்த விறகு வெட்டும் குரலில், மூச்சுவிடாமல், இருபது நிமிடம். மறுநாள் காலையில் எனக்கு வேலை இருந்தது, விரல்கள் மரத்துப்போயிருந்தன. இதெல்லாம் காரணங்கள் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன். ‘பொய் சொல்லாதே’ என்று தமிழில் சத்தமாகச் சொன்னேன். அழுத்தினேன்.

அதற்கடுத்த இரவுகளில் அவள் முன்பைவிட நன்றாகத் தடம் பிடித்தாள். பழைய தடத்தைக்கூட விடாமல், ஓடையில் அறுந்த மோப்பத்தை அக்கரையில் போய் எடுத்து, குரல் உச்சத்துக்கு ஏறும். இதோ மரம் என்று நான் எழுந்து நிற்பேன். அப்போது சத்தம் நின்றுவிடும். கருவித் திரையில் அவளுடைய புள்ளி ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அப்புறம் அந்தப் புள்ளி என்னை நோக்கி வரத் தொடங்கும். புதரை விலக்கி வந்து, என் முன்னால் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்ப்பாள். மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியவள் என் முகத்தைப் பார்த்தாள். மேலே இருக்கிறதா இல்லையா என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவே முடியாத ஒன்றை என்னிடம் கேட்கும்படி அவளை ஆக்கியிருந்தேன்.

மூன்று வாரம் இதை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு பெரியவரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டு, ‘அந்த மரத்தைக் காட்டு’ என்றார்.

பகலில் போனோம். அவர் மேலே பார்க்கவில்லை. மரத்தண்டில் கையை வைத்துத் தடவினார். பட்டையில் மெல்லிய கீறல்கள், புதியதும் பழையதுமாக, ஓடைப் பக்கத்தில் மட்டும். முழங்கால் வலியோடு தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போனார், நானும் போனேன். அங்கிருந்து பார்த்தால், முப்பதடி உயரத்தில், எப்போதோ முறிந்து விழுந்த ஒரு கிளையின் கவட்டில் பொந்து. விளிம்பு தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. நான் நின்ற கரையிலிருந்து அது தெரிய வாய்ப்பே இல்லை. சிக்கமோர் வயதானால் உள்ளே கோறையாகிவிடும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஓடைக்கு அக்கரையிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று ஏனோ அன்று தோன்றவில்லை. அக்கரையிலேயே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்த நேரத்தில் பொந்தில் ஒரு முகம் வந்தது. முகமூடி போட்ட முகம். எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலைகீழாக இறங்கிப் போனது.

நான் ஏதோ சொல்லப் போனேன். பெரியவர் தடுத்தார். ‘அன்றைக்கு ராத்திரியும் இவன்தான் உள்ளே இருந்தானா, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, சன். அவளுக்குத் தெரியும்.’

வட்டம்

ஏப்ரலில் ஓர் இரவுப் போட்டிக்கு என்னைக் கூட்டிப்போனார், வேடிக்கை பார்க்க. 1898-ல் தொடங்கிய யுனைடெட் கென்னல் க்ளப்பின் விதிகளின்படி நடப்பது. நான்கு நாய்களை ஒன்றாக அவிழ்த்துவிடுவார்கள். தன் நாய் தடத்தில் முதலில் வாய் திறந்தது என்று அறிவித்தவருக்கு 100 புள்ளி, அடுத்தவர்களுக்கு 75, 50, 25. மரத்தை முதலில் சொன்னதற்கு 125, பிறகு 75, 50, 25. மரத்தடிக்குப் போய் விளக்கடித்துத் தேடி, ரக்கூனைப் பார்த்தால் அத்தனையும் கூட்டல். இலையும் பொந்தும் இல்லாத, ஒளிந்துகொள்ள இடமே இல்லாத வெறும் மரம் என்றால் அத்தனையும் கழித்தல். இது இரண்டும் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மூன்றாவது. மரத்தில் பொந்து இருக்கிறது, அல்லது இலை அடர்த்தியாக இருக்கிறது, ரக்கூன் இருக்கலாம், பார்க்க முடியவில்லை என்றால், அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறார்கள். கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை.

போட்டி அட்டையில் பென்சிலால் போட்ட அந்த வட்டத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, தவறு என்ற இரண்டே குறிகளோடு வளர்ந்தவன் நான். படித்த பள்ளியும் அப்படி, பார்க்கும் வேலையும் அப்படி. இங்கே கட்டுக்கடங்காத காட்டு மனிதர்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிற இவர்கள், தங்களுக்குத் தெரியாது என்பதற்கென்று தனியாக ஒரு குறி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் யாராவது தவறான இடத்தில் எதையோ தேடினால் தவறான மரத்தில் குரைக்கிறான் என்பார்கள். என் அலுவலகத்தில் வாரத்துக்கு ஒரு தரமாவது காதில் விழும். 1830-களிலேயே அச்சில் வந்துவிட்ட அந்தச் சொலவடை இந்த வேட்டையில் பிறந்தது. அதில் தவறு எப்போதும் நாயுடையதுதான். மரத்தடியில் நின்ற மனிதன் சரியாகப் பார்த்தானா என்று அந்தச் சொலவடை கேட்பதே இல்லை.

அப்படியானால் குட்டி குரைத்த ஒவ்வொரு மரத்துக்கும் தட்டிக்கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. ‘பொய் சொல்லும் நாய்களும் உண்டு. நீ மரத்தடிக்கு வந்து கொண்டாடுகிறாயே, அதுதான் நாய்க்குக் கூலி. ரக்கூன் இல்லாமலே கூலி கிடைத்தால் ரக்கூன் எதற்கு?’ கண்ணால் பார்த்தால் மனசாரக் கொண்டாடு. உறுதியாக வெறும் மரம் என்றால் ஒரு வார்த்தை பேசாமல் கயிற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பு, அதுவே போதும். தெரியவில்லை என்றால்? ‘போய்ப் பக்கத்தில் உட்கார். அவள் கூப்பிட்டதற்கு நீ வந்தாய் என்று அவளுக்குத் தெரியட்டும். அப்புறம் வீட்டுக்குப் போ.’ கேட்கும்போது மிகச் சின்ன விஷயமாக இருந்தது. செய்ய எனக்கு மாதக்கணக்காயிற்று. ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்று வாய் பரபரக்கும்.

கோடை முழுக்க மறுபடி அரிச்சுவடி. மின் அதிர்வு இல்லாத, இடம் மட்டும் காட்டும் பட்டைக்கு மாறினேன். காய்ந்த தோலை மறுபடி எடுத்தேன். பதினான்கு மாத நாய்க்கு அது குழந்தை விளையாட்டு. ஆனால் அந்த மரத்தில் தோல் இருக்கிறது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும், அதனால் தயங்காமல் கொண்டாட முடியும். முதல் வாரம் மரத்தடியில் அண்ணாந்து பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நான் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டேன். பெரியவர் சொல்லிக்கொடுத்தது: முகத்தில் பதில் தேடும் நாய்க்கு முகத்தைக் கொடுக்காதே. ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, ஒரே ஒரு குரைப்பு. இருமல் மாதிரி. நான் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். சமையலறை ஜன்னலிலிருந்து மகள் கைதட்டினாள்.

இங்கே செப்டம்பரில் வரும் தொழிலாளர் தின விடுமுறையில் பெரியவரோடு அலபாமாவுக்குப் போனேன், செவலையும் வண்டியில். டஸ்கம்பியா ஊரைத் தாண்டிக் காட்டுக்குள் கூன்ஹவுண்ட்களுக்கு மட்டுமேயான இடுகாடு ஒன்று இருக்கிறது. கீ அண்டர்வுட் என்பவர் பதினைந்து வருடம் தன்னோடு வேட்டையாடிய ட்ரூப் என்ற நாயை, 1937 செப்டம்பர் 4 அன்று, அவர்கள் வழக்கமாகக் கூடும் இடத்திலேயே புதைத்தார். பருத்தி பறிக்கும் சாக்கில் சுற்றி, மூன்றடி ஆழத்தில். பழைய புகைபோக்கி ஒன்றிலிருந்து விழுந்த கல்லில், சுத்தியலையும் திருப்புளியையும் வைத்துப் பெயரையும் தேதியையும் செதுக்கினார். ட்ரூப் பாதி ரெட்போன். பிறகு மற்றவர்களும் தங்கள் நாய்களைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள். அங்கே இடம் கிடைக்க, இது உண்மையிலேயே ரக்கூன் வேட்டை நாய்தான் என்று உரிமையாளர் சொன்னால் மட்டும் போதாது, இன்னொருவர் சாட்சி சொல்ல வேண்டும். தொழிலாளர் தினத்தன்று அங்கே பாட்டு, நடனம், சுட்ட கறி, மனிதர்களுக்கு ஒரு பொய் சொல்லும் போட்டி. கூட்டத்தை விட்டு விலகிப் பெரியவர் ஒரு கல்லின் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். நான் கேட்கவில்லை. பருத்திச் சாக்கு என்றதும் எனக்குத் தாத்தா வீட்டுத் தாழ்வாரமும் அதில் சாக்கின் மேல் படுத்திருக்கும் கன்னி நாயும் கண்ணில் வந்தன. நல்ல நாயைத் தாத்தா எங்கே புதைத்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

அக்டோபரில் ஓர் இரவு

மழை பெய்து ஓய்ந்த மறுநாள். ஈரத்தில் மோப்பம் நன்றாகப் பிடிக்கும். மக்காச்சோளக் காட்டோரம் செவலையை அவிழ்த்துவிட்டேன். ஏழெட்டு நிமிடத்தில் வாய் திறந்தாள். ஓடை ஓரமாகவே தடம் போனது, ஒரு முறை அறுந்தது, மறுபடி கிடைத்தது. குரல் நெருக்கமாகிக்கொண்டே போய் நின்றது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. திரையைப் பார்க்காமல் கருவியைச் சட்டைப்பையில் போட்டேன். நின்றுபோன அந்த நேரத்தில் அவள் மரத்தை வட்டமடித்திருக்க வேண்டும். ஒரு நீண்ட கூவல் வந்தது. அதற்கப்புறம் விறகு வெட்டும் குரல்.

வெள்ளை ஓக் மரம். இலை பழுத்திருந்தது, உதிரவில்லை. விளக்கடித்தால் வெளிச்சம் இலையிலேயே நின்றுவிடுகிறது, உள்ளே போகவில்லை. சுற்றிச்சுற்றிப் பார்த்தேன். ஊதலை ஊதினேன். ஒன்றும் இல்லை, அல்லது ஒன்றும் தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் ஈர இலையில் உட்கார்ந்தேன். அவள் விலாவில் கையை வைத்தேன். ஒவ்வொரு குரைப்பும் கையில் அதிர்ந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அவள் ஒருமுறைகூடத் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

கயிற்றைக் கட்டினேன், வரவில்லை. இழுத்தேன், நான்கு காலையும் ஊன்றிக்கொண்டாள். கடைசியில் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடைக்குள் இறங்கினேன். இருபத்தைந்து கிலோ இருப்பாள். தண்ணீர் முழங்காலுக்கு மேல் சில்லென்று ஏறியது. தோளுக்குப் பின்னால் தலையை நீட்டி, மரம் இருந்த திசையைப் பார்த்து அவள் இன்னும் குரைத்துக்கொண்டிருந்தாள்.